ஏகாதசியன்று நடந்த மாதிரிப் பாடம் செல்லும் என்று அறிவிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
பெ. வீரமலை,
வாழை விவசாயி,
தெற்குத் தெரு, தொட்டியம்,
முசிறி தாலுக்கா,
திருச்சிராப்பள்ளி ஜில்லா.

பெறுநர்:
மாவட்டக் கல்வி அதிகாரி அவர்கள்,
திருச்சிராப்பள்ளி.

பொருள்: சர்வதேசப் பள்ளி ஆசிரியர்களுக்காக ஸ்ரீரங்கத்தில் நடந்த தொழில் மேம்பாட்டுப் பயிற்சி – என் தங்கை மகள் செல்வி ஆ. அமிர்தம், பி.ஏ., பி.டி., அவர்களுக்குச் சான்றிதழ் மறுக்கப்பட்டது – குற்றம் செய்தவர் வேறொருவர் – அந்த வேறொருவர் இம்மனுதாரரே – சான்றிதழ் வழங்க உத்தரவிடக் கோருதல்.

பார்வை: பயிற்சிக் குழுச் செயலாளர் திரு. தர்மராஜ் அவர்கள் அமிர்தத்துக்கு எழுதிய 18-1-1968 தேதியிட்ட கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் தொட்டியத்தில் மூன்று தலைமுறையாக வாழை போடும் குடும்பத்தைச் சேர்ந்தவன். மூன்றாம் பாரம், அதாவது எட்டாம் வகுப்பு, வரை படித்தவன். அதற்கு மேல் எனக்குச் சொல்லிக்கொடுக்க அந்தப் பள்ளியில் ஆள் இல்லாததால் நானே நின்றுகொண்டேன். 1924-ஆம் வருஷம் காவிரி கரை புரண்டபோது, பதினாலு வயதில், இந்தக் கைக்கு ஒன்றும் அந்தக் கைக்கு ஒன்றுமாக இரண்டு உழவு மாட்டைப் பிடித்துக்கொண்டு அக்கரை சேர்ந்தவன். கை இரண்டிலும் மாடு இருந்தால் எப்படி நீந்தினாய் என்று சிலர் குறுக்குக் கேள்வி கேட்கிறார்கள். கால் எதற்கு இருக்கிறது? இதையெல்லாம் தற்பெருமைக்காக எழுதவில்லை. மனு கொடுப்பவன் எப்படிப்பட்டவன் என்று தெரியாமல் தாங்கள் மனுவை எப்படி எடைபோட முடியும்? தாலுக்கா கச்சேரி வாசலில் மேஜை போட்டு மனு எழுதுகிறவர்கள் நாலு பேர் இருந்தும், அவர்களுக்கு என் விஷயத்தை எழுதும் அளவுக்குத் தமிழ் போதாது என்பதால் நானே எழுதுகிறேன்.

2. மேற்படி அமிர்தம் என் தங்கை வெள்ளையம்மாளின் ஒரே மகள். தகப்பன் ஆண்டி, அவள் நாலாவது படிக்கும்போதே காலமானார். எங்கள் வாழைக்கொல்லை வகையறாவில் கையில் புத்தகத்தோடு வண்டியேறிய முதல் ஆள் அவள்தான், ஆணையும் சேர்த்துச் சொல்கிறேன். பி.ஏ. முடித்து, பி.டி. என்ற ஆசிரியர் படிப்பும் முடித்து, இப்போது இரண்டு வருஷமாகக் கைலாசபுரம் பக்கத்தில் உள்ள காவேரி சர்வதேசப் பாலர் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. பக்கத்துப் பாய்லர் தொழிற்சாலைக்கு வந்திருக்கும் செக் நாட்டு இன்ஜினியர்களின் பிள்ளைகள், பஞ்சாபிப் பிள்ளைகள், வங்காளிப் பிள்ளைகள், மலையாளத்துப் பிள்ளைகள் எல்லாம் ஒரே பெஞ்சியில் உட்கார்ந்து படிக்கும் பள்ளி அது. நான் வாழைத்தார் கொண்டுபோய்க் கொடுக்கப் போனால், பூனைக்கண் வைத்த ஒரு பையன் ஓடி வந்து, "வாங்க மாமா, சாப்டீங்களா?" என்று கேட்கிறான். முசிறி தாலுக்காவில் பிறந்த பிள்ளைகளே இப்போது அப்படிக் கேட்பதில்லை. இது அமிர்தத்தின் வேலை.

3. அவள் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நிரந்தரமாக வேண்டுமானால் மேற்படி பயிற்சியின் சான்றிதழை இந்தப் பிப்ரவரி இருபத்தொன்பதாம் தேதிக்குள் பள்ளி நிர்வாகத்திடம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வரும் மே மாதத்தோடு அவளை அனுப்பிவிட்டு, பெங்களூரிலிருந்து சான்றிதழ் உள்ள வேறொருவரை வைத்துக்கொள்வதாக எழுத்தில் சொல்லியிருக்கிறார்கள். இந்த வருஷம் பிப்ரவரிக்கு ஒரு நாள் அதிகம் என்பது மட்டுமே எங்களுக்கு இதுவரை கிடைத்த ஒரே சலுகை. அதுவும் பஞ்சாங்கம் கொடுத்தது, பயிற்சிக் குழு கொடுத்ததல்ல.

4. இனி பயிற்சி பற்றி. தென்மண்டல சர்வதேசப் பள்ளி ஆசிரியர் மேம்பாட்டுக் குழு என்று ஒன்று சென்னையில் இருக்கிறது. அவர்கள் சென்ற ஜனவரி முதல் தேதி தொடங்கிப் பத்தாம் தேதி முடிய, ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தை எடுத்து ஒர்க்‌ஷாப் நடத்தினார்கள். ஒர்க்‌ஷாப் என்றதும் நான் பாய்லர் செய்கிற மாதிரி ஏதோ என்று நினைத்து, பெண்பிள்ளைக்கு இது ஆகுமா என்று முதலில் தடுத்தேன். போய்ப் பார்த்தால் கரும்பலகையும் காகிதமும்தான். ஊட்டி, கொடைக்கானல், பெங்களூர், சென்னை என்று பல ஊர்ப் பள்ளிகளிலிருந்து பன்னிரண்டு ஆசிரியர்கள் வந்திருந்தார்கள். பயிற்சி கொடுக்க மிஸ் ஹில்டா என்று ஒரு வெள்ளைக்கார அம்மாள், அறுபது வயது இருக்கும், சைக்கிளில் வருவார். நல்ல மனுஷி. என்னுடைய ரஸ்தாளியைச் சாப்பிட்டுவிட்டு, உலகத்தில் இதற்கு இணை இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கு ஆங்கிலம் முழுக்கத் தெரியாவிட்டாலும் வாழைப்பழத்தைப் புகழ்ந்தால் எந்தப் பாஷையிலும் புரியும்.

5. பயிற்சியின் முக்கிய விதி: பன்னிரண்டு பேரும் ஆளுக்கு ஒரு மாதிரிப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். காசு கொடுத்து வாங்காத, அக்கம்பக்கத்தில் கிடைக்கும் பொருளை வைத்து நடத்த வேண்டும். மாதிரிப் பாடத்துக்கு உட்கார ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பது பேரை அந்தக் கட்டடத்துப் பள்ளியிலிருந்தே அனுப்புவதாக ஏற்பாடு. வெளியூர்க்காரர்கள் கடைசி நாள் ராத்திரி ரயிலைப் பிடிக்க மூட்டை கட்ட வேண்டும் என்பதால் அவர்கள் முதலில், உள்ளூர்க்காரி கடைசியில் என்று செயலாளர் தர்மராஜ் பட்டியல் போட்டார். உள்ளூர்க்காரி அமிர்தம் ஒருத்திதான். ஆகவே கடைசி நாளான பத்தாம் தேதி காலை பத்து மணி அவளுக்கு விழுந்தது.

6. ஐயா, ஜனவரி பத்தாம் தேதி என்ன நாள் என்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வைகுண்ட ஏகாதசி. விடியுமுன் ரங்கநாதர் கோயிலில் சொர்க்கவாசல் திறக்கும். அன்றைக்கு ஸ்ரீரங்கத்தில் எந்தப் பள்ளிக்கூடம் திறந்திருக்கும்? எந்தத் தாய் பிள்ளையைப் பலகையோடு அனுப்புவாள்? பச்சைக் குழந்தைக்குத் தெரிந்த இந்தச் சங்கதி பி.ஏ., எல்.டி. படித்த செயலாளருக்குத் தெரியவில்லை. தெரியாதது குற்றமல்ல. அமிர்தம் மூன்றாம் நாளே போய், "சார், பத்தாம் தேதி இந்த ஊர்ல ஒரு புள்ளையும் வராது சார். என் பாடத்தை ஒரு நாள் முன்னாடி வச்சுக்குங்க" என்று பணிவாகச் சொல்லியிருக்கிறாள். அவர் சொன்ன பதில்: "பயிற்சிக்கு ஏகாதசி கிடையாது அம்மா." ஊட்டி ஆசிரியை இடம் மாற்றிக்கொள்ளச் சம்மதித்தும், பட்டியலை ரோனியோ மிஷினில் நகல் போட்டாகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்றுவிட்டார். பெருமாள் கூட அடியார் கேட்டால் திருநாளைக்கு முன்னும் பின்னும் பார்ப்பார். ரோனியோ பார்க்கவில்லை.

7. பத்தாம் தேதி விடியற்காலை நானும் சொர்க்கவாசலில் இருந்தேன். அன்றைக்கு முதல் வரிசையில் ஒன்பதாவது ஆளாக நான் நுழைந்தது ஊரறிந்த விஷயம். தரிசனம் முடித்து, அமிர்தம் பாடம் நடத்துவதைப் பார்க்க ஒன்பதரை மணிக்கு அம்மா மண்டபம் ரோட்டுக்குப் போனேன். வகுப்பறையில் முப்பது பிள்ளைக்கு உரிய பெஞ்சிகள் காலியாகக் கிடந்தன. பின்னால் ஆசிரியர்கள் பதினோரு பேரும் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். மிஸ் ஹில்டா முந்தின நாள் சாயங்காலமே சென்னை ரயில் ஏறிவிட்டார். செயலாளர் எங்கோ காப்பி சாப்பிடப் போயிருந்தார். போகும்போது சொல்லிவிட்டுப் போனாராம்: "பத்தரை வரைக்கும் பார்ப்பேன். பிள்ளைங்க இல்லேன்னா பாடம் இல்லை, பாடம் இல்லேன்னா சான்றிதழ் இல்லை." அமிர்தம் மேஜையருகே கையில் ஒரு பம்பளிமாஸ் பழத்தோடு நின்றிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

8. நான் ஒரு நிமிஷம் யோசித்தேன். என்னைப் போன்றவர்களுக்கு ஒரு நிமிஷம் தாராளம். கட்டடத்துக்கு வெளியே வந்தால் ரோடு முழுக்க ஜனம். காவிரிக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும். ராத்திரி பூராவும் வரிசையில் நின்றவர்கள், உபவாசத்தில் இருப்பவர்கள், கால் கடுத்து மதிலோரம் குந்துவதற்கு இடம் தேடுகிறவர்கள். நான் ரோட்டின் நடுவில் நின்று, கிட்டத்தட்ட உறையூர் வரை கேட்கும் குரலில், "பெஞ்சி போட்டிருக்கு, நிழல் இருக்கு, தண்ணி இருக்கு, ஒரு மணி நேரம் உக்காந்துட்டுப் போங்க, புண்ணியமாப் போகும்!" என்றேன். ஏகாதசியன்று ஸ்ரீரங்கத்தில் உட்கார இடம் கிடைப்பது வைகுண்டம் கிடைப்பதைவிட அரிது. ஐந்து நிமிஷத்தில் முப்பது பெஞ்சி இடமும் நிறைந்துவிட்டது. துல்லியமாகச் சொன்னால் உள்ளே இருபத்தாறு பேர். வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்த நாலு பேரும் கேட்டார்கள், ஆகவே முப்பது.

9. மணப்பாறைப் பக்கத்திலிருந்து தரிசனத்துக்கு வந்த இருசம்மாள் என்ற கிழவி முன் பெஞ்சியில் உட்கார்ந்தாள். எங்கள் ஊர் வண்டிக்காரன் சின்னையா அவளுக்குப் பின்னால். பெரிய கடை வீதியில் வீடுள்ள பஷீர் அகமது, திருநாள் கூட்டத்துக்கு வளையல் விற்க வந்தவர், கண்ணாடிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஓரத்தில். "எனக்கும் எடம் உண்டுங்களா பாய்?" என்று என்னிடம் கேட்டார். "நீங்கதான் பாய், நான் அண்ணன். உக்காருங்க" என்றேன். அமிர்தம் இவர்களைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "மாமா, என்ன இது?" என்றாள். "ஐந்தாம் வகுப்பு" என்றேன்.

10. இதுவரை எழுதியதில் எங்காவது ஒரு கரண்டி கூடியிருக்கலாம். நான் கூட்டிச் சொல்கிறவன் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பியவர்களே கூட்டிச் சொல்கிறவர்கள்தான். எப்படியோ போகட்டும். மாடு விஷயத்திலும் ஒன்பதாவது ஆள் விஷயத்திலும் தங்களுக்குச் சந்தேகம் வந்தால் வரட்டும். ஆனால் இனி வரும் பாராக்களில் உப்புக்கல் அளவும் நான் சேர்க்கவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த பதினோரு ஆசிரியர்களையும் கேட்டுக்கொள்ளலாம்.

11. பாடம்: நமக்குப் பகலாக இருக்கும்போது வேறு தேசத்தில் ஏன் இரவாக இருக்கிறது என்பது. அவள் பள்ளியில் உள்ள செக் நாட்டுப் பிள்ளைகள், தாத்தாவும் பாட்டியும் இப்போது என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று அடிக்கடி கேட்பதால் எடுத்துக்கொண்ட பாடம். பம்பளிமாஸ்தான் பூமி. என் கொல்லையில் காய்த்தது. அதன் நடுவில் ஒரு மூங்கில் குச்சி. ஸ்ரீரங்கத்துக்கு ஒரு குண்டூசி, அந்தப் பிள்ளைகளின் பிராக் நகரத்துக்கு ஒரு குண்டூசி. பாட்டரி லைட்டுதான் சூரியன். வெளிச்சம் தெரிய வேண்டுமே என்று ஜன்னல்களைச் சாத்தினாள். சாத்தியதும், ராத்திரி முழுக்கக் கண் விழித்த ஜனம் என்ன செய்யும்? மூன்றாம் பெஞ்சியிலிருந்து குறட்டை கிளம்பியது. சின்னையா தலை இருசம்மாளின் முதுகில் சாய்ந்தது. அவள் திரும்பி, "ஏய், இதென்ன உன் வண்டி மூட்டையா?" என்று ஓர் இடி இடித்தாள்.

12. அமிர்தம் கோபிக்கவில்லை. அந்த ஒன்பது நாளும் மிஸ் ஹில்டா சொன்னதையெல்லாம் அவள் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். அதில் ஒன்பதாம் நாள் பக்கத்தில், "யார் எதிரில் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்களுக்குப் பாடம் நடத்து, உட்கார்ந்திருக்க வேண்டியவர்களுக்கு அல்ல" என்று இருக்கிறது. அவள் நேரே சின்னையாவிடம் போய், பாட்டரி லைட்டை அவன் கையில் கொடுத்து, "அண்ணே, நீங்கதான் சூரியன். நீங்க தூங்கிட்டா உலகமே இருட்டு. எழுந்து நில்லுங்க" என்றாள். சின்னையா எழுந்து நின்றான். அதன்பிறகு அந்த அறையில் ஒருவரும் தூங்கவில்லை. சூரியனே எழுந்து நிற்கும்போது எப்படித் தூங்குவது?

13. அவள் பழத்தைச் சுற்றினாள். வெளிச்சம் ஸ்ரீரங்கத்து ஊசியில் பட்டது, பிராக் ஊசி இன்னும் இருட்டில் இருந்தது. இருசம்மாள் கேட்டாள்: "டீச்சரம்மா, இங்க சொர்க்கவாசல் தெறக்கையில அந்த ஊர்ல என்ன மணி?" அமிர்தம் கணக்குப் போட்டு, அங்கே நடுராத்திரி தாண்டி அரை மணி என்றாள். "அடி ஆத்தி, அப்ப அந்தப் புள்ளைங்களோட ஆத்தா அப்பத்தா எல்லாம் தூங்கிக்கிட்டுல்ல இருக்கும்! எழுப்பிவிட ஆளில்லாம சொர்க்கம் போச்சே!" என்றாள் கிழவி. எல்லோரும் சிரித்தார்கள். பின்னாலிருந்த ஊட்டி ஆசிரியைக்கும் யாரோ மொழிபெயர்த்துச் சொல்ல, அந்தம்மாளும் சிரித்தார்.

14. அப்போது பஷீர் அகமது எழுந்தார். அவர் மகன் நாலு வருஷமாகப் பினாங்கில் ஒரு கடையில் வேலை செய்கிறான். "டீச்சரம்மா, பினாங்குக்கு ஊசி இருக்குங்களா?" என்றார். மூன்றாவது ஊசி இல்லை. அவர் தம் பெட்டியைத் திறந்து, உடைந்த பச்சை வளையல் துண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அமிர்தம் அதைப் பழத்தில், ஸ்ரீரங்கத்துக்குக் கிழக்கே குத்தினாள். மெதுவாகச் சுற்றினாள். சின்னையா லைட்டை அசைக்காமல் பிடித்திருந்தான். முதலில் பச்சை வளையல் மின்னியது. அதன் பிறகுதான் ஸ்ரீரங்கத்து ஊசி. பஷீர் அகமது குனிந்து அந்தத் துண்டைக் கிட்டத்தில் பார்த்தார். பிறகு சொன்னார்: "அப்ப நான் இங்க விடியல்ல சுபுஹுத் தொழுகைக்கு எந்திரிக்கும்போது அவன் அங்க தொழுது முடிச்சிருப்பான். நாலு வருஷமா, பாவம் பய தூங்கிக்கிட்டிருப்பான், நான் அவனுக்கும் சேத்து துஆ கேக்கணும்னு கேட்டுக்கிட்டிருந்தேன். அவன்தான் எனக்கு முன்னாடியே கேட்டிருக்கான்." அந்த மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். நான் துடைத்துக்கொண்டதை யாரும் பார்க்கவில்லை.

15. இது பாடம் இல்லை என்றால், ஐயா, பாடம் என்பது எது?

16. இந்தச் சமயத்தில்தான் செயலாளர் தர்மராஜ் வந்தார். வாசலில் நின்று, "இது என்ன, மணப்பாறை மாட்டுச் சந்தையா?" என்றார். மணப்பாறைக்காரி இருசம்மாள் உட்கார்ந்தபடியே, "சந்தையில மாட்டுக்குத் தண்ணியாவது காட்டுவாங்க சாமி. இங்க அதுவும் இந்த அண்ணன்தான் காட்டினாரு" என்றாள். நானும் எழுந்து சிலவற்றைச் சொன்னேன். அவற்றை இங்கே எழுதினால் மனு திருப்பி அனுப்பப்படும். செயலாளர் தம் கடிதத்தில் "வெளியாள் ஒருவரின் கூச்சல்" என்று குறித்திருக்கிறார். அந்த வெளியாள் நான்தான். கூச்சலும் உண்மை. ஆனால் அமிர்தம் கூச்சலுக்கு நடுவிலும் பாடத்தை முடித்து, மூன்று கேள்வி கேட்டு, மூன்றுக்கும் சரியான பதில் வாங்கிவிட்டுத்தான் சாக்கட்டியைக் கீழே வைத்தாள். ஆசிரியர்கள் பதினோரு பேரும் கை தட்டினார்கள். மிஸ் ஹில்டா இருந்திருந்தால் எழுந்து நின்று தட்டியிருப்பார்.

17. இனி நான் செய்த காரியத்துக்கு வருகிறேன். மாதிரிப் பாடத்துக்கு ஒரு படிவம் உண்டு. மாணவர் பெயர், வயது, வகுப்பு என்று கட்டங்கள். மேலே அச்சில், "வயது 9 முதல் 11 வரை உள்ளவர் மட்டும்" என்று இருக்கும். பாடம் நடந்துகொண்டிருக்கும்போது பியூன் அதைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். அமிர்தம் பழத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் எடுத்துக்கொண்டேன். பெஞ்சி பெஞ்சியாகப் போய்ப் பெயரையும் ஊரையும் கேட்டுக்கொண்டு, பெயரை எழுதினேன். இருசம்மாள். சின்னையா. பஷீர் அகமது. வயதுக் கட்டம் வந்தது. உண்மை வயதை எழுதினால் அந்தக் காகிதத்தில் இவர்களுக்கு இடமில்லை. இடமில்லை என்றால் மாணவர் இல்லை. மாணவர் இல்லை என்றால் பாடம் இல்லை. ஆகவே இருசம்மாளுக்குப் பத்து என்று எழுதினேன். அவளுக்குக் கீழே இருபத்தைந்து பேருக்கும் "மேற்படி", "மேற்படி" என்று எழுதினேன். வகுப்பு: ஐந்து. பாடம் முடிந்ததும் படிவத்தை அமிர்தத்திடம் நீட்டி, கையெழுத்துப் போடு என்றேன். என் கையால் கொடுத்ததால் படிக்காமலே போட்டுவிட்டாள். இன்றுவரை அவள் படிக்காமல் கையெழுத்துப் போட்ட ஒரே காகிதம் அது.

18. அன்று சாயங்காலம் சான்றிதழ் வழங்கினார்கள். என் தங்கை வெள்ளையம்மாள் தொட்டியத்திலிருந்து புதுப்புடவை கட்டிக்கொண்டு வந்து இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பதினோரு பெயரைக் கூப்பிட்டார்கள். பன்னிரண்டாவதைக் கூப்பிடவில்லை. என் தங்கை, கடைசியாகத் தனியாகக் கூப்பிட்டு மரியாதை செய்வார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, விளக்கை அணைக்கும் வரை உட்கார்ந்திருந்தாள்.

19. பிறகு வந்ததுதான் பார்வையில் கண்ட கடிதம். அதில் செயலாளர் மூன்று சொல்கிறார். ஒன்று, மாணவர் வருகை இல்லை, ஆகவே பாடம் நடந்ததாகக் கருத இயலாது. இரண்டு, செல்வி அமிர்தம் பொய்யான விவரம் கொண்ட படிவத்தில் கையொப்பமிட்டிருக்கிறார். மூன்று, பொய் விவரம் தானே எழுதியது என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கடிதம் கொடுத்தால், சான்றிதழ் தராவிட்டாலும் "கலந்துகொண்டார்" என்று ஒரு சீட்டுத் தரலாம். இவற்றுக்கு என் பதில் கீழே.

ஒன்றுக்கு: மாணவர் இல்லை என்றால் பொய் வயது யாருடையது? இல்லாதவருக்கு வயது ஏது? ஒரே கடிதத்தில் ஆளே இல்லை என்றும், ஆளின் வயது தப்பு என்றும் எழுத எந்தக் காலேஜில் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று தெரியவில்லை. மூன்றாம் பாரத்தில் சொல்லிக்கொடுக்கவில்லை.

இரண்டுக்கு: பொய் எழுதியது நான். கையெழுத்தைப் பார்த்தாலே தெரியும். என் எழுத்து தாரில் சீப்பு மாதிரி வரிசையாக, பெரிதாக இருக்கும். அமிர்தத்தின் எழுத்து கடுகு மாதிரி. இந்த மனுவையும் அந்தப் படிவத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அதற்காகவே மனுவைத் தட்டச்சு செய்யவில்லை.

மூன்றுக்கு: அமிர்தம் மன்னிப்புக் கடிதம் எழுத மறுத்துவிட்டாள். நான் தடுத்ததாகச் செயலாளர் நினைக்கிறார். தடுக்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானே அவளிடம் போய், "எழுதிக் குடுத்துடு அமிர்தம், சீட்டாவது வரும், வேலையைக் காப்பாத்திக்கலாம்" என்றேன். அவள் சொன்னது: "நீங்க எழுதினதை நான் எழுதினேன்னு எழுதினா, அதுதான் மாமா பொய்க் கையெழுத்து. ஒண்ணு போட்டாச்சு, தெரியாம. ரெண்டாவதைத் தெரிஞ்சு போட மாட்டேன்." ஊரில் என்னைப் பேச்சில் மடக்கியவர் யாரும் இல்லை. அன்று மடங்கினேன்.

20. செயலாளர் கெட்டவர் என்று நான் எழுதவில்லை. அவர் காகிதத்தை நம்புகிறவர். நான் வாயை நம்புகிறவன். இரண்டு பேருக்கும் நடுவில் உண்மையாக வேலை செய்தவள் ஒருத்திதான், தண்டனை அவளுக்கு மட்டும் வந்திருக்கிறது. சான்றிதழ்களில் செயலாளர் கையெழுத்துக்குக் கீழே தங்கள் கையெழுத்தும் இருப்பதால் தங்களிடம் வந்திருக்கிறேன். கெஞ்சுவதற்கு வரவில்லை. முறைப்படி கேட்க வந்திருக்கிறேன்.

21. ஆகவே ஐயா அவர்கள்,

(அ) பத்தாம் தேதி நடந்த மாதிரிப் பாடம் நடந்தது என்று அறிவித்து, செல்வி ஆ. அமிர்தத்துக்குப் பிப்ரவரி இருபத்தொன்பதாம் தேதிக்குள் சான்றிதழ் வழங்க உத்தரவிட வேண்டும்.

(ஆ) பொய் விவரம் எழுதிய குற்றத்தை அவள் பெயரிலிருந்து அடித்து, என் பெயரில் எழுத வேண்டும். பெயரைப் பிழையில்லாமல் எழுத வசதியாக, மேலே அனுப்புநர் இடத்தில் தெளிவாக எழுதியிருக்கிறேன்.

(இ) பாடம் நடந்ததா என்று தங்களுக்கு ஐயம் இருந்தால் எங்களைச் சோதிக்க வேண்டும். பன்னிரண்டாம் தேதி திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தங்கள் அலுவலகத்துக்கு நான், இருசம்மாள், சின்னையா, பஷீர் அகமது, இன்னும் பதினாறு பேர் வருகிறோம். இந்தப் பதினாறை நான் எண்ணிச் சொல்கிறேன். அவரவர் வீட்டுக்கு நடந்து போய்ச் சம்மதம் வாங்கியிருக்கிறேன். எங்களில் யாரை வேண்டுமானாலும் கூப்பிட்டு, பகல் எப்படி வருகிறது, இரவு எப்படி வருகிறது என்று கேளுங்கள். ஒருவர் தப்பாகச் சொன்னாலும் இந்த மனுவைக் கிழித்துப் போடலாம்.

(ஈ) இதில் எதையும் செய்ய முடியாது என்றால், முடியாது என்பதையும் காரணத்தையும் தங்கள் கையெழுத்தோடு எழுத்தில் தர வேண்டும். இருபத்தாறு பேருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஒருத்தி ஏன் ஆசிரியை அல்ல என்று அதில் ஒரே ஒரு வரி இருந்தால் போதும். அந்த வரியை எடுத்துக்கொண்டு நான் சென்னைக்குப் போவேன். சென்னையிலும் ஆகாது என்றால் அதற்கு மேல் எங்கே போவது என்பதையும் விசாரித்து வைத்திருக்கிறேன்.

22. இந்த மனு கொடுப்பது அமிர்தத்துக்குத் தெரியாது. தெரிந்தால் எடுத்துப் பார்த்து, கூடுதலானவற்றை எல்லாம் சிவப்பு மையால் அடித்துவிடுவாள். பிறகு அனுப்ப ஒரு பக்கம் கூட மிஞ்சாது. அவள் பெயரில் தாங்கள் விளக்கம் கேட்டு நோட்டீசு அனுப்ப வேண்டாம். அவள் காலை எட்டரைக்கு வகுப்புக்குள் போனால் மூன்றரைக்குத்தான் வெளியே வருகிறாள். மே மாதம் அனுப்பிவிடுவார்கள் என்று தெரிந்தும் ஒரு நாள் கூட லீவு எடுக்கவில்லை. விளக்கம் வேண்டுமானால் என்னைக் கூப்பிடவும். கேஸ் போடுவதானாலும் என் மேல் போடவும். யாரும் தேடி அலைய வேண்டாம்: பன்னிரண்டு மணி வரை வாழைக்கொல்லையில் இருப்பேன், அதற்குப் பிறகு வீட்டில். கதவு திறந்தே இருக்கும்.

இப்படிக்கு,
குற்றத்தை ஒப்புக்கொண்டு, மன்னிப்புக் கேட்காமல்,
பெ. வீரமலை

இடம்: தொட்டியம்
நாள்: 1-2-1968

இணைப்பு: அமிர்தத்தின் பயிற்சி நோட்டிலிருந்து ஒன்பதாம் நாள் பக்கத்தின் நகல், ஒன்று.